மடுத் தண்ணீர், கம்பி வேலி, இரண்டு ஏக்கர் புல்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் அப்பாவின் பட்டி. 45 நாட்டு மாடு, 20 எருமை. பக்கத்துப் பட்டிக்காரரின் காணிக்குள்ளால் வரும் ஓடை உங்கள் காணியைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. கோடையிலும் வற்றாத மடு அவருடைய எல்லைக்குள் இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்து 2007இல் திரும்பி வந்த நாளிலிருந்து உங்கள் மாடுகள் அவருடைய காணிக்கரையால் நடந்துபோய் அந்த மடுவில்தான் குடித்தன. இந்த வருடம் அவர் மடுவுக்குக் கீழே மண் போட்டு மறித்துவிட்டார். பம்பு வைத்து இரண்டு ஏக்கர் கோ-3 புல்லுக்கு (மாட்டுக்கு வெட்டிப் போட வளர்க்கும் தீவனப் புல்) இறைக்கிறார். மாடு போன வழியிலும் கம்பி அடித்துவிட்டார். உங்கள் தம்பி ஓர் இரவு போய் அந்தக் கம்பியை வெட்டிவிட்டான். (இதை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.) கல்கரியில் இருக்கும் மச்சான், "முதலில் வந்தவனுக்குத்தான் தண்ணீரில் முதல் உரிமை, வழக்குப் போடுங்கள்" என்கிறார். போடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. இந்த மாவட்டத்தில் கால்நடைத் துறையில் 31 வருடம் வேலை செய்தவன். ஓய்வுபெற்ற பிறகு சில வருடம் மத்தியஸ்த சபையிலும் இருந்தேன். அங்கே வந்த பட்டித் தகராறுகளில் முக்கால்வாசி ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வந்தவை. மழை விழுந்த பிறகு வந்தது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

முதலில் மச்சான் சொன்னதைப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை, அவர் இருக்கிற ஊருக்கு அது சரி. கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள் உண்டு. அங்கே தண்ணீர் அனுமதிப் பத்திரத்துக்குத் திகதி உண்டு. பழைய திகதிக்காரர் தனக்குரியதை முழுதாக எடுத்த பிறகுதான் புதியவருக்கு. 1894இல் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டத்திலிருந்து வரும் முறை அது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அப்படித்தான். 1849இல் கலிபோர்னியாவில் பொன் தோண்டப் போனவர்கள், ஆற்றை முதலில் திருப்பியவனுக்கே தண்ணீர் என்று தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கத்தை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டால் உரிமை போய்விடும் என்ற விதியும் அதோடு வந்தது. அதனால் தேவையில்லாவிட்டாலும் இறைக்கிற ஆட்கள் அங்கே உண்டு.

நம் நாட்டில் அந்த முறை இல்லை. ஆற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் யார் முதலில் வந்தார் என்று பார்த்துப் பிரிப்பதில்லை. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி பொது ஓடை, பொது நீர்நிலை ஆகியவற்றின் தண்ணீர் அரசுக்குரியது. கரையில் காணி வைத்திருப்பவர் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்குக் குடிக்கக் கொடுக்கவும் அதை எடுக்கலாம். மறித்துக் கட்டுவதற்கும் திருப்பிவிடுவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆகவே "எங்கள் அப்பாதான் முதலில் வந்தார்" என்று நீங்கள் போய் நின்றால் அது எடுபடாது. அதேபோல "என் காணிக்குள் இருக்கிற மடு, என் தண்ணீர்" என்று அவர் சொல்வதும் எடுபடாது. இரண்டு பேரும் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்கை நான் எத்தனையோ பட்டிகளில் அப்பியாசக் கொப்பியில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பார்த்த பிறகு சண்டையின் முகமே மாறிவிடும்.

நாட்டு மாடு ஒன்று இந்த வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 30 லீற்றர் குடிக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகப் பிடிப்போம். கறவை என்றால் கொஞ்சம் கூட. எருமைக்கு 60 என்று வையுங்கள். 45 மாட்டுக்கு 1,350, 20 எருமைக்கு 1,200. மொத்தம் 2,550 லீற்றர். நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர்கூட வராது. வீட்டுக் குழாயை மெல்லத் திறந்துவிட்டால் வருகிற அளவு.

இப்போது அவருடைய புல்லைப் பாருங்கள். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலத் தண்ணீர் பாய்ச்சினால் ஒரு லட்சம் லீற்றர் போகும். இரண்டு ஏக்கருக்கு இரண்டு லட்சம். கச்சான் காற்று அடிக்கிற நாளில் கோ-3 புல்லுக்கு வாரம் பத்து நாளைக்கு ஒரு தரமாவது அவ்வளவு வேண்டும். அதாவது அவர் ஒரு தரம் புல்லுக்கு இறைக்கிற தண்ணீர், உங்கள் முழுப் பட்டிக்கும் இரண்டரை மாதக் குடிநீர். மடுவின் மேற்பரப்பு 40 மீற்றருக்கு 20 மீற்றர் என்று வைத்துக்கொண்டாலும், கச்சான் காலத்தில் நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும். அது மட்டும் நாலாயிரம் ஐயாயிரம் லீற்றர். வெயில் குடிப்பது உங்கள் மாடு குடிப்பதைவிட அதிகம்.

உங்கள் மாடு குடித்து அந்த மடு வற்றப்போவதில்லை. இதை அவரும் அறிவார். அவர் பயப்படுவது வேறு எதற்கோ. உங்களுக்குத் தேவையான தண்ணீரும் மிகக் கொஞ்சம். இதை நீங்கள் இன்னும் அறியவில்லை. "தண்ணீரில் பாதி எங்களுக்கு" என்று கேட்காதீர்கள். பாதி உங்களுக்கு எதற்கு? நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் கேளுங்கள். கேட்கிற அளவு சின்னதாக இருந்தால் மறுப்பவருக்குத்தான் கஷ்டம்.

எருமைக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. எருமைக்கு வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு, தோலும் கறுப்பு. குடித்தால் மட்டும் போதாது, கிடக்கவும் வேண்டும். சேற்றில் கிடக்க விடாத எருமை வெயில் நேரத்தில் மேயாது, பால் குறையும், சினைக்கும் வராது. மகாவலிக் கிளைகளை ஒட்டிய வில்லுகளில் (வெள்ளம் தேங்கும் சதுப்பு நிலங்களில்) எருமை செழிப்பாக இருப்பதற்குக் காரணம் அங்கே புல்லும் சேறும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான். நல்ல வேளையாக, எருமை கிடக்கிற தண்ணீர் குடித்துத் தீர்கிற தண்ணீர் இல்லை. கலங்கும், நாறும், ஆனால் அங்கேயே இருக்கும். அதற்கு மடுவே வேண்டும் என்றில்லை. ஓடையின் கீழ்ப்பக்கம், உங்கள் காணியை ஒட்டி, முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருந்தால் போதும்.

இனி அவர் செய்திருக்கிற மூன்று காரியத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு "அநியாயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மறிப்பு ஒன்று, பம்பு ஒன்று, வேலி ஒன்று. மூன்றிலும் உங்கள் பலம் ஒரே மாதிரி இல்லை.

மறிப்பில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. மேட்டுக் காணிக்காரர் இயற்கையாக ஓடிவரும் தண்ணீரை முழுதாக மறிக்கக் கூடாது என்பது நம் நாட்டின் உரோமன் டச்சுச் சட்டத்தில் ஊறிய கொள்கை. மனிதருக்கும் விலங்குக்கும் குடிக்கிற தண்ணீர் முதலாவது, பயிருக்குப் பாய்ச்சுவது அடுத்தது என்ற வரிசையும் அதில் உண்டு. அனுமதி இல்லாமல் பொது ஓடையை மறித்திருந்தால் பிரதேச செயலகம் கேட்கலாம். அந்த ஓடை நில அளவைத் திணைக்கள வரைபடத்தில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, கரையில் ஒதுக்கு (யாருக்கும் கொடுக்காமல் விட்ட கரை நிலம்) விடப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் அனேகமாக எல்லாம் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. பேர்மிட்டில் எழுதியிருக்கிற எல்லைக்குள் ஓடையின் ஒதுக்கு வராது. வருகிறது என்று நினைத்துக்கொண்டு பலர் வேலி அடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் எங்கேயாவது அப்படி அடித்திருக்கிறாரா என்று போவதற்கு முன் பார்த்துவிடுங்கள். அளவையாளர் வந்தால் இரண்டு பக்கமும்தான் அளப்பார்.

மறிப்பைப் பற்றி இன்னொன்று, இது அவருடைய நன்மைக்கும்தான். வான் (மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வழி) விடாமல் போட்ட மண் மறிப்பு கார்த்திகை மார்கழியில் நிற்காது. நம் மாவட்டத்துக்கு வருடத்தில் விழும் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டிவிடுகிறது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலை கந்தளாய்க் குளம் உடைந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். தண்ணீர் வந்த வேகத்தை விடப் பிறகு ஊரில் இருந்த அமைதிதான் ஞாபகம். இது சின்ன ஓடை, அந்த அளவுக்கு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் உடைந்தால் நேரே வருவது உங்கள் மாட்டுக்காலைக்குத்தான். கட்டுக்கன்று எல்லாம் அங்கேதான் நிற்கும். இதை அவரிடம் குற்றமாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: "அண்ணன், மாரியில இது உடைஞ்சா என்ன செய்யிறது?" அவர் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்.

பம்பில் உங்கள் பலம் பாதி. கரைக்காரர் குடிக்கக் கொடுப்பது ஒன்று, இயந்திரம் வைத்துப் பயிருக்கு இறைப்பது வேறு. ஆனால் அவர் ஏன் புல் நட்டார் என்று பாருங்கள். கடன் எடுத்துக் கலப்பின மாடு வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜேர்சிக் கலப்புக் கறவை காட்டுக்குள் போய் மேய்ந்து பால் தராது. கட்டி வைத்துப் புல் வெட்டிப் போட வேண்டும், 60, 70 லீற்றர் தண்ணீரும் காட்ட வேண்டும். புல் காய்ந்தால் அவர் வங்கிக்கு என்ன சொல்வார்? பம்பை நிறுத்தச் சொன்னால் சண்டை. இரவில் இறையுங்கள், பகல் முழுக்க இறைக்காதீர்கள் என்றால் அது பேச்சு. அவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்ததும் மாசி பங்குனியில் வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அதைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தால் ஆடியில் இரண்டு ஏக்கருக்குப் பதில் ஓர் ஏக்கர் புல்லே போதும். இந்த வைக்கோல் கதையை நான் 20 வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர்.

வேலிதான் சிக்கலானது. மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிப் போகும் வழி என்பது சட்டத்தில் பழைய காலத்திலிருந்தே தனியான உரிமை. உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு: அயல் காணிக்குள்ளால் மந்தையை நீர்நிலைக்குக் கொண்டுபோகும் உரிமை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, 10 வருடம் யாரிடமும் அனுமதி கேட்காமல், தடையில்லாமல் பயன்படுத்தியிருந்தால் அப்படியான உரிமையைக் கோரலாம். 2007இலிருந்து எண்ணினாலும் 10 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் இரண்டு தடங்கல் இருக்கிறது. ஒன்று, இது அரசுக்கு எதிராகச் செல்லாது. அவருடையது உறுதிக் காணியாக (சொந்தப் பத்திரம் உள்ள தனியார் காணியாக) இல்லாமல் பேர்மிட் காணியாக இருந்தால் 10 வருடக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை. அங்கே முடிவு பிரதேச செயலாளரிடம்தான். இரண்டாவது, "மாமா, மாட்டை விடட்டா?" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் கேட்டுவிட்டுத்தான் விட்டார் என்றால் அது அனுமதியோடு போனது. நல்ல அயலவர்களாக இருந்ததே வழக்கில் எதிராகத் திரும்பும். எனக்குப் பிடிக்காத சட்டம்தான், என்ன செய்வது.

வேலி போட்டவருடைய பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அவர் உங்களிடம் சொன்ன காரணம், "உங்கட மாடு நோயைக் கொண்டு வருது." நீங்கள் அதைச் சாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சாட்டு இல்லை. கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் கோமாரி) பரவுவதற்கு ஒரே இடத்தில் குடிப்பதைவிட நல்ல வழி கிடையாது. எருமையைக் கொல்லும் தொண்டையடைப்பான் மழை தொடங்கும்போது வரும், அதுவும் கூட்டமாக நிற்கும் இடத்தில் பரவும். தேங்கிய தண்ணீரில் நத்தை இருந்தால் ஈரல் தட்டைப்புழு. நாட்டு மாடு கால்வாய் நோயில் பத்து நாள் நொண்டிவிட்டு எழும்பும். கலப்பின மாட்டுக்கு வந்தால் அந்தப் பால் வருடம் போனது. உங்கள் 65 உருப்படிக்கும் தடுப்பூசி போட்ட பதிவு கால்நடை வைத்தியப் பணிமனையில் இருக்கிறதா? காதுத் தோடு எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறதா? இல்லை என்றால் வழக்குக்கு முன் அதைச் செய்யுங்கள். காதுத் தோடு இல்லாத மாடு, குறி சுடாத மாடு, எந்த மேசையிலும் உங்கள் மாடு இல்லை.

ஒரு பழைய கதை. 2011இல் தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் இரண்டு பட்டி. ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். ஒருவரை ஒருவர் "அண்ணன்", "காக்கா" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். இரண்டு பேருடைய பாலும் ஒரே தயிர்க்காரருக்குத்தான் போகும். ஆவணியில் ஒரு மடுவுக்காகக் கத்தி தூக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஊரில் சிலர் அதை உடனே இனப் பிரச்சினையாக்கப் பார்த்தார்கள், அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். துருசு (மதகு) ஒன்றை மூடியதில் 2006 ஜூலையில் மாவிலாற்றில் தொடங்கிய போர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போய் இரண்டு நாள் மடுவோரம் உட்கார்ந்து பார்த்தோம். தண்ணீர் போதுமான அளவு இருந்தது. பிரச்சினை என்னவென்றால் இரண்டு பட்டியும் காலை 11 மணிக்கே வந்தது. இரண்டு பக்கத்து நாம்பன்களும் மோதிக்கொண்டன, கன்றுகள் மிதிபட்டன, மேய்ப்பாளர்கள் அடிபட்டுக்கொண்டார்கள். அந்த அடிதடிதான் வீட்டுக்குப் போகும்போது "தண்ணி தர மாட்டான்" என்ற கதையாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கு 10 மணி, மற்றவருக்கு 2 மணி. எருமை கீழ்முனையில் மட்டும். ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஆறு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு காக்கா பட்டியை விற்றுவிட்டார்.

நான் பிழை விட்ட இடமும் உண்டு. 2014 வரட்சியில் களப்புக்குக் கிட்ட இருந்த பட்டிக்காரர் ஒருவருக்கு, "சண்டை பிடிக்காமல் உங்கள் காணியிலேயே துரவு தோண்டுங்கள்" என்று ஆலோசனை சொன்னேன். தோண்டினார். முதல் இரண்டு கிழமை நல்ல தண்ணீர். மூன்றாவது கிழமை உவர் ஏறி, கன்றுகளுக்கு வயிற்றோட்டம். கரையோரத்தில் இறைக்க இறைக்க உப்புத்தான் மேலே வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். லீற்றருக்கு 3,000 மில்லிகிராம் உப்பு வரை மாடு சமாளிக்கும். 7,000ஐத் தாண்டினால் கறவைக்கும் கன்றுக்கும் காட்டவே கூடாது. உங்கள் காணியில் கிணறு தோண்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தோண்டுவதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை ஆவணியில் எடுத்துப் பரிசோதியுங்கள். மாரியில் எடுத்தால் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடம் கேட்பது இதுதான். மறிப்பின் அடியில் ஓர் அங்குலக் குழாய் ஒன்று. அது எல்லையில், உங்கள் பக்கம், ஒரு சீமெந்துத் தொட்டிக்கு வர வேண்டும். மடு மேட்டில் இருப்பதால் பம்பு தேவையில்லை, தானாக வரும். தொட்டி 3,000 லீற்றர், பத்தடி நீளம் இருக்கட்டும். ஒரே நேரத்தில் ஏழெட்டு மாடு இரண்டு பக்கமும் நின்று குடிக்கலாம். கழிவறைத் தண்ணீர்த் தாங்கியில் போடுகிற மிதவை வால்வு ஒன்றைப் போட்டால் நிரம்பியதும் நின்றுவிடும். ஒரு துளியும் வீணாகாது என்று அவருக்கும் நிம்மதி. அப்புறம் உங்கள் மாடு அவருடைய காணிக்குள் போகவே தேவையில்லை. வேலி இருந்துவிட்டுப் போகட்டும். நோய்ப் பயமும் அதோடு போகும். எருமைக்கு, வாரத்தில் இரண்டு தரம் மறிப்பிலிருந்து கொஞ்சம் திறந்துவிட்டுக் கீழே குழியை நிரப்பினால் போதும். குழாய், தொட்டி, கூலி எல்லாம் உங்கள் செலவு என்று நீங்களே சொல்லுங்கள். வழக்குக்குச் சட்டத்தரணியிடம் முதல் தவணைக்குக் கொடுக்கிற காசை விட அதிகம் வராது.

வழியைப் பிறகும் முழுதாக விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய் அடைபட்டால், மடு வற்றிக் குழாய் மட்டத்துக்குக் கீழே போனால், காலை 10 மணிக்கு ஒரு தரம் பழைய வழியால் மாட்டை விடலாம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, யார் குழாயைத் துப்புரவாக்குவது, மறிப்புக்கு வான் விடுவது, தடுப்பூசி அட்டையை வருடத்துக்கு ஒரு தரம் காட்டுவது, யாராவது பட்டியை விற்றால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தர் முன்னால் கையெழுத்து வையுங்கள். அந்தக் கையெழுத்து உங்களுக்கு நிரந்தர உரிமை தராது, ஆனால் நாளைக்கு இன்னொரு மேசையில் இது ஒரு ஆவணம்.

அவர் பேச வராவிட்டால்? முதலில் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பிரதி உங்கள் கையில். அடுத்தது மத்தியஸ்த சபை; காணிப் பிணக்குக்கென்று விசேட மத்தியஸ்த சபை முறையும் 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உண்டு. அடிபிடி வரும் நிலை என்றால் பொலிஸ், அல்லது நீங்களே, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவான் முன் போகலாம். வழி, தண்ணீர் போன்ற உரிமைத் தகராறும் அதற்குள் வரும். அங்கே நீதவான் முதலில் இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொல்லித்தான் கேட்பார். வருகிற கட்டளையும் மாவட்ட நீதிமன்றம் இறுதியாகத் தீர்க்கும் வரைக்குத்தான். உடைமை பறிபோன விடயத்தில் 2 மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. வேலி அடித்த திகதியை இப்போதே குறித்து வையுங்கள், படம் எடுத்து வையுங்கள், ஆறப்போட வேண்டாம். 2006, 2007 இடைவெளியைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பக்கம் சொல்லி அவர் கேள்விப்படக் கூடாது.

பட்டிக்காரர் பலர் செய்யாத இன்னொரு வேலை இருக்கிறது. சிறுபோகம் தொடங்குவதற்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயலிலிருந்து மாட்டை எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். மாட்டுக்காரர் ஒருவரும் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை, திகதி மட்டும் வீட்டுக்கு வரும். மாட்டை வயலிலிருந்து எழுப்புகிற அதே நாட்களில்தான் காட்டில் தண்ணீரும் வற்றுகிறது. போய் உட்காருங்கள். "மாட்டை எங்கே கொண்டுபோக, அங்கே தண்ணி இருக்கா?" என்று எழுந்து கேளுங்கள். அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிச்சல் தண்ணீர் உங்கள் ஓடைக்கு வருகிறதா என்று வட்டவிதானையிடமும் (வயல் தண்ணீரைக் கவனிப்பவர்) விசாரியுங்கள். வருகிறது என்றால் உங்கள் தொட்டி அதிலேயே நிரம்பிவிடலாம். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பட்டிக்காரர் 2023இல் தெருவில் உட்கார்ந்தார்கள். மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் போடுங்கள் என்று அவர்கள் எத்தனையோ வருடம் கேட்டுக்கொண்டிருந்த விடயம் அது. காகிதத்தில் இல்லாத மேய்ச்சல் தரைக்கு வெளியார் வந்த பிறகு ஆதாரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே பாருங்கள். நீங்களும் பக்கத்துக்காரரும் ஒரே ஓடைக்காரர். கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனால் குரல் கூடக் கேட்கும்.

கடைசியாக அந்தக் கம்பி. வெட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான். பொலிசுக்கு அவர் இன்னும் போகவில்லை என்றால் அவருக்கும் பேச விருப்பம் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் போங்கள், பால் கறந்து முடிந்த நேரமாகப் பார்த்து. மடுக் கணக்கு எழுதிய கொப்பியைப் பிறகு எடுக்கலாம். போகும்போது ஒரு சுருள் கம்பியும் குறடும் கொண்டு போங்கள். தம்பியே அதைக் கட்டட்டும்.